மாதிரி எண்

மேஜைமேல் போன் உறுமியது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, பார்க்காமலே மனோரஞ்சிதத்துக்குத் தெரியும், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எவனோ ஒரு பொடியன் முதல் பக்கத்து மாதிரியை அப்படியே எடுத்து ஒட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறான், ஹலோ, இது ஒரு சோதனைச் செய்தி, அவ்வளவுதான், அவளுக்கு வேறென்ன வந்துவிடப் போகிறது; ஆனால் பார்க்காமல் இருக்கவும் இன்றைக்கு முடியாது, மதியத்துக்குள் முடிவு தெரியும் என்று வேலைக்குப் போட்ட கம்பெனியின் அந்த ஹர்ஷினி சொல்லியிருக்கிறாள், கூப்பிடுவாளோ, இரண்டு வரி தட்டிவிட்டுப் போய்விடுவாளோ, இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தொண்டை எதற்கு இருக்கிறதென்றே மறந்துபோய்விட்டது, ஆகவே எடுத்துத்தான் தீர வேண்டும். மஞ்சள் ஒட்டிய விரலை நைட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஹலோ, இது ஒரு சோதனைச் செய்தி. நாசமாய்ப் போ என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாள். பக்கத்து மனையில் துளை போடுகிற மெஷின் பல் டாக்டர் கையில் இருப்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது. கோயமுத்தூரில் யாரும் சும்மா இருப்பதில்லை, இருக்கிற வீட்டை இடித்துவிட்டு அதே வீட்டை இன்னும் அசிங்கமாகக் கட்டுகிறார்கள். குக்கரில் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தண்ணீர் சரியாக வைத்தோமா என்று ஒரு நினைப்பு வந்தது, எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை, மூடியாயிற்று, இனி பார்த்து என்ன ஆகப் போகிறது.

அந்த நம்பர் அவளுடைய நம்பர். அது அங்கே போய் உட்கார்ந்த கதையை நினைத்தால் இப்போதும் வருவது கோபமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பொறுமையில்லை. அவள் கணவர் கனகசபாபதி, ஆபீஸில் சபா சார், அவிநாசி ரோட்டில் ஒரு மாடியைப் பிடித்துப் பிள்ளைகளை வைத்துக் கம்பெனி நடத்துகிறார். கிளினிக்காரன், துணிக்கடைக்காரன், சீட்டுக் கம்பெனிக்காரன் எல்லாம் ஆளுக்கொரு ஆப் வைத்திருக்கிறார்களே, அதிலிருந்து நம் போனுக்குச் செய்தியும் ஓடிபியும் வருகின்றனவே, அப்படி அனுப்புவதற்கு வேண்டிய சாமான்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் புரோகிராமர்களுக்கு விற்கிறார்கள், எஸ்.டி.கே. என்பார்கள், பெட்டியைப் பிரித்து எதை எதோடு மாட்டுவது என்று சொல்லிக்கொடுக்கிற பக்கங்களுக்கு டாக்குமென்டேஷன், செல்லமாக டாக்ஸ். அந்த டாக்ஸின் முதல் பக்கத்தில் ஒரு மாதிரி புரோகிராம் உண்டு. காப்பி எடு, ஓட்டு, ஒரு செய்தி ஒரு நம்பருக்குப் போகும். கம்பெனி ஆரம்பித்த புதிதில் அதை எழுதும்போது எந்த நம்பரைப் போடுவது என்று யோசித்தாராம், பார்க்காமல் வருகிற நம்பர் உலகத்தில் அவருக்கு ஒன்றுதானாம், போட்டுவிட்டார். அன்றைக்குச் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்ன சிரித்தாள், பூரித்துப் போனாள், அதுதான் இப்போது கசக்கிறது. கட்டிக்கொண்டவன் மனப்பாடமாக வைத்திருக்கிற ஒரே நம்பர் தன்னுடையது என்று இரண்டு நாள் முகத்தில் ஒரு களையோடு திரிந்திருக்கிறாள், கழுதை. பிறகு வர ஆரம்பித்தது. ஹலோ. டெஸ்ட். டெஸ்ட் டெஸ்ட். உங்கள் ஓடிபி. ஜகார்த்தாவிலிருந்து புரியாத பாஷையில் ஒன்று. மொக்கை என்று ஒருவன். ஐ லவ் யூ என்று ஒருவன், சபாபதி அதைப் பார்த்துவிட்டு, பரவால்லியே ரஞ்சி, இந்த வயசுலயும், என்றார். எடுத்துவிடுங்கள் என்று எத்தனை முறை சொன்னாள். எடுத்தால் அந்த நம்பரை வைத்துச் சரிபார்க்கிற பழைய டெஸ்ட்டெல்லாம் உடையும் ரஞ்சி, உனக்குப் புரியாது. அவள் அம்மா செத்த அன்று, ஐஸ் பெட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, மடியில் போன் உறுமியது. அமெரிக்காவில் இருக்கிற அண்ணன்தான் விமானம் ஏறிவிட்டேன் என்று போடுகிறான் என்று எடுத்தாள். வாழ்த்துகள்! உங்கள் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு அவள் அம்மாவின் காலைப் பார்த்தாள், கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த அந்தத் துணியை. வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள், சுற்றியிருந்தவர்கள் அழுகிறாள் என்று முதுகைத் தடவினார்கள்.

டாக்ஸுக்குள் அவள் ஆளே வந்து சேர்ந்தது அதற்கப்புறம். வெளிநாட்டுக் கஸ்டமர் ஒருவன் உங்கள் ஆங்கிலம் புரியவில்லை என்று எழுதிவிட்டான், சபாபதி தட்டில் கையை வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார், கொடுங்கள் பார்க்கிறேன் என்றாள். குன்னூர் மலையில் கான்வென்ட் ஹாஸ்டலில் சிஸ்டர் பெர்னதெத்திடம் முட்டி பெயர அடி வாங்கிப் படித்த ஆங்கிலம், கல்யாணத்துக்கப்புறம் பத்திரிகை வாசகர் கடிதத்துக்கும் மாமனாரின் இன்ஷூரன்ஸ்காரனோடு சண்டைக்கும் தவிர எதற்கும் பயன்படாமல் பீரோவில் பட்டுப்புடவைபோலக் கிடந்தது. ஒரு பக்கம் என்றார், இரண்டு பக்கம் என்றார், இப்போது மொத்தமும் அவள்தான். தனி ஐடி கேட்டாள், தனி ஐடி எதுக்கு, என்னுதுலயே போ என்றார், அவர் பெயரிலேயே உள்ளே போய் அவர் பெயரிலேயே வெளியே வருகிறாள், பஸ்ஸில் லேடீஸ் சீட் இல்லாத காலத்தில் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறியதுபோல. ஆபீஸ் பிள்ளைகள் எழுதித் தருவதைப் பார்த்தால் சிஸ்டர் கல்லறையில் புரளுவார். எல்லா இடத்திலும் 'வெறுமனே'. வெறுமனே இதைத் திறக்கவும், வெறுமனே அதை மாற்றவும். வெறுமனே என்று எவன் எழுதுகிறானோ அவன் ஒரு படியை விழுங்கியிருக்கிறான் என்பதுதான் அவள் கண்டது. எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் ஊருக்கே தெரியும் என்று நினைப்பு. சின்னதா ஒரு சட்னி ரெடி பண்ணிடு என்கிற மாதிரி. கோகுல் என்று ஒரு பையன், நல்லவன்தான், டாக்ஸ் எழுதறது சமையல் குறிப்பு மாதிரிதான் ஆன்ட்டி, உங்களுக்கு ஈஸி என்றான். சமையல் குறிப்பு உங்கம்மாவுக்கு எழுது என்று சொல்லியிருக்க வேண்டும், ஆன்ட்டி என்று கூப்பிட்ட அதிர்ச்சியில் விட்டுவிட்டாள்.

ஒரு வாக்கியம் மட்டும் மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அனுப்புதல் பற்றிய பக்கத்தில் கடைசி வரி. பதில் வராவிட்டால் செய்தி சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். அதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அப்படியேதான் நிற்கிறது. இது உண்மையா என்று கோகுலைக் கேட்டாள். எப்பவும் இல்லீங்க ஆன்ட்டி, சில சமயம் வழியில விழுந்துரும், நமக்குத் தெரியாது. பிறகு ஏன்டா இப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள்? சார்தான் அப்படி எழுதச் சொன்னார், கஸ்டமர் பயந்துக்குவாங்கன்னு. சார்தான். சார் வீட்டிலும் அப்படித்தான். பதில் வராவிட்டால் சரி என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷமாக அவள் வாயை மூடிக்கொண்ட இடமெல்லாம் அவர் கணக்கில் சம்மதமாக விழுந்திருக்கிறது, மாமியாரை இங்கேயே வைத்துக்கொண்டதிலிருந்து இந்த வீட்டுக்கு இந்தப் பச்சை பெயின்ட் அடித்ததுவரை. அவர் வாயை மூடிக்கொள்கிற இடத்தில் மட்டும் அவளுக்கு எதுவும் சேர்ந்ததாகத் தெரியவில்லை. போன மாதம் கேட்டாள், கேட்கும்போதே குரல் ஏன் அப்படிக் குழைந்தது என்று இன்னும் அவமானமாக இருக்கிறது, பக்கத்து அடியில எழுதினவங்க பேருன்னு போடுவாங்களாமே, என் பேரைப் போடலாமாங்க. அவர் டிவியில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது, காது மடல் அசைந்தது, அவள் பார்த்தாள். பதில் வரவில்லை.

அந்த இரவே கோபத்தில்தான் விண்ணப்பம் போட்டாள். சென்னையில் ஒரு கம்பெனி, டாக்ஸ் எழுத ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம், வயது போடவில்லை. ஒரு சோதனை எழுதச் சொன்னார்கள், எழுதினாள், இரண்டு பேர் திரையில் வந்து பேசினார்கள், அதில் ஒருவன் சொன்னான், மேம், உங்க பேஜைப் படிச்சா யாரோ பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு. அதைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் சிங்க்கைத் திறந்துவிட்டு நின்றாள், ஒருவன் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு தாகமா உனக்கு, சீ. நேற்று அந்த ஹர்ஷினி கூப்பிட்டாள். எல்லாம் ஓகே மேம், ஒரே ஒரு சின்ன விஷயம். நீங்க காட்டின சாம்பிள்ல உங்க பேர் எங்கயும் இல்லை. கம்பெனியிலேர்ந்து ஒரு வரி மெயில், இவங்கதான் எழுதினாங்கன்னு, போதும் மேம். நாளைக்கு மதியத்துக்குள்ள லிஸ்ட் க்ளோஸ் பண்றோம். வெறுமனே ஒரு வரி. அந்தப் பெண்ணும் ஒரு படியை விழுங்கிவிட்டாள். அந்த வரியை எழுத வேண்டியவர் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிறார் என்பது அவளுக்குத் தெரியாது. நேற்று ராத்திரி கேட்டிருக்கலாம். காலையில் காபி கொடுக்கும்போது கேட்டிருக்கலாம். என்ன பயம்? வேண்டாம் என்பாரோ என்று இல்லை, வேண்டாம் என்றால் சண்டை போடலாம், சண்டையில் அவளை ஜெயிக்க ஆளில்லை. சிரிப்பார். அதுதான். உள்ளுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்ததுபோல மார்பிலிருந்து கழுத்துக்குச் சூடு ஏறியது, காது வரை வந்து நின்றது, இது வேறு, நேரம் காலம் இல்லாமல். ஃபேனைக் கூட்டினாள். ஐம்பத்தொரு வயதில் உடம்பு ஒரு பக்கம் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது, இவள் இன்னொரு பக்கம் போய்க் கதவைத் தட்டுகிறாள்.

போன் அடித்தது, உறுமவில்லை, அடித்தது. ஹர்ஷினி இல்லை. சபாபதி.

"ரஞ்சி, டாக்ஸ் முடிஞ்சுதா? ரெண்டு மணிக்கு அந்த பெங்களூர் க்ளையன்ட் பாக்கறான்."

"முடிஞ்ச மாதிரிதானுங்க. ஒரு வரி இருக்குது."

"வரியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். முதல் பக்கத்துல அந்த நம்பர் இருக்குதில்ல, அதை எடுத்துட்டு எல்லாம் ஒம்பதாப் போட்டுரு. ஆடிட்ல கேக்கறான், நிஜ ஆளோட நம்பரை எப்படிங்க போட்டீங்கன்னு."

"நிஜ ஆளுன்னு கண்டுபுடிச்சுட்டானா? கெட்டிக்காரன்தான். எடுத்தா டெஸ்ட் எல்லாம் உடையும்னீங்க?"

"அதெல்லாம் கோகுல் காலைலயே மாத்திட்டான், அஞ்சு நிமிஷ வேலை. மத்தியானத்துக்கு என்ன?"

"அரிசிம்பருப்பு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஏனுங்க, எனக்கு ஒரு மெயில் வேணும். கம்பெனியிலேர்ந்து. டாக்ஸ் நான்தான் எழுதினேன்னு ஒரு வரி. ஒரு இடத்துல கேக்கறாங்க."

"எந்த இடத்துல?"

"மெட்ராஸ்ல ஒரு கம்பெனி. வீட்டுலேர்ந்தே வேலை."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பிறகு அவர் சிரித்தார். கேலியான சிரிப்புகூட இல்லை, குழந்தை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் சிரிப்பது மாதிரி ஒரு நல்ல சிரிப்பு. "என்ன ரஞ்சி நீ. நம்ம கம்பெனிக்கு நீ செய்யறதுக்கு நானே உனக்கு சர்டிபிகேட் குடுக்கோணுமா? க்ளையன்ட்கிட்ட எல்லாம் இன்-ஹவுஸ் டீம்னு சொல்லி வெச்சிருக்கறேன். டைனிங் டேபிள்ல வீட்டுக்காரி எழுதறான்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு என்ன நினைப்பான்?"

"இன்-ஹவுஸ்தானுங்களே. ஹவுஸுக்குள்ளதான் உக்காந்திருக்கறேன்."

"சரி சரி, சாயங்காலம் பேசிக்கலாம். நம்பரை மறந்துராத." வைத்துவிட்டார்.

சாயங்காலம் பேசிக்கலாம். அந்த மனுஷர் அகராதியில் அதற்கு ஒரே பொருள், இனி பேச வேண்டாம். அஞ்சு நிமிஷ வேலை, எட்டு வருஷம். அம்மா செத்த அன்றைக்கு அஞ்சு நிமிஷம் கிடைக்கவில்லை, பெங்களூர்க்காரன் கேட்டதும் காலையிலேயே கிடைத்துவிட்டது. குக்கர் கத்தியது, அணைத்துவிட்டு வந்தாள், வாசனையில் தெரிந்தது, தண்ணீர் குறைவு, அடி பிடித்திருக்கிறது, சாப்பிடட்டும். முதல் பக்கத்தைத் திறந்தாள். அந்த நம்பர் கறுப்புக் கட்டத்துக்குள் பச்சை எழுத்தில் உட்கார்ந்திருந்தது. அம்மாவின் மருந்துச் சீட்டில், கேஸ் புத்தகத்தில், மகள் கல்யாணப் பத்திரிகையில், எல்லா இடத்திலும் எழுதி எழுதித் தேய்ந்த நம்பர், இங்கே மட்டும் அவளுக்கு அது பார்க்கவே பிடிக்காது. இப்போது கர்சரை அதன் பின்னால் வைத்துக்கொண்டு விரலை அழிக்கிற பொத்தான்மேல் வைத்தவள் அப்படியே இருந்தாள். இதை எடுத்துவிட்டால் இந்த நூற்றுச் சொச்சம் பக்கத்தில் அவளுடையது என்று என்ன இருக்கிறது? வாக்கியமெல்லாம் அவளுடையது, சரி, வாக்கியத்துக்கு முகம் உண்டா, வெறுமனே-களை அவள்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், பிடுங்கிய களையை யார் பார்த்தார்கள், இல்லாமல் போனதை யாருக்கு எப்படிக் காட்டுவது. இருக்கிற ஒரே அடையாளம் அவள் கேட்காமல் அவர் போட்டது. அதையும் அவளையே எடுக்கச் சொல்கிறார். விரலை எடுத்தாள். ஆத்திரத்தில் வேறெங்காவது கை வைக்க வேண்டும்போல இருந்தது, அனுப்புதல் பக்கத்துக்குப் போய் அந்தக் கடைசி வரியை முழுசாக அழித்தாள். பதில் வராவிட்டால் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தட்டினாள். திரும்பக் கேட்கவும். பயப்படுகிற கஸ்டமர் பயப்படட்டும்.

போன் உறுமியது. ஹலோ, இது ஒரு சோதனைச் செய்தி. கீழே வைப்பதற்குள் அடித்தது.

"மேம், ஹர்ஷினி பேசறேன். அந்த மெயில் இன்னும் வரலையே மேம்?"

"வராதும்மா," என்றாள் ரஞ்சிதம். தன் குரல் இவ்வளவு நேராக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். "நீ கம்ப்யூட்டர் முன்னாடிதானே இருக்கே? நான் அனுப்பின லிங்க்ல முதல் பக்கத்தைத் திற. மாதிரியில ஒரு நம்பர் இருக்குதா? நீ இப்போ கூப்பிட்ட நம்பரோட வெச்சுப் பாரு."

தட்டுகிற சத்தம். பிறகு, "மேம்! உங்க நம்பர்!"

"ஆமா."

"இது எப்படி மேம்... க்யூட்டா இருக்கு." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். கெட்ட பெண் இல்லை, குரலில் சங்கடம் தெரிந்தது. "ஆனா மேம், இது உங்க நம்பர்னுதான் காட்டுது. நீங்க எழுதினீங்கன்னு காட்டலையே. நான் மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்றது?"

சரிதான். இருபத்துச் சொச்சம் வயதுப் பெண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. பார்க்காமல் வருகிற நம்பர், கட்டிக்கொண்டவள் நம்பர், அதற்குமேல் அது ஒன்றுமில்லை. "ஒரு நிமிஷம் இரு, வெச்சிராதே," என்று போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ரஞ்சிதம் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள், நம்பரைத் தொடவில்லை, அதற்குக் கீழே ஒரு இடைவெளி விட்டாள், விரல்கள் சிஸ்டர் பெர்னதெத் முன்னால் டிக்டேஷன் எழுதுவதுபோல விறைத்துக்கொண்டு ஓடின, ஆங்கிலத்தில், தப்பில்லாமல், ஒரு அலங்காரமும் இல்லாமல். பெங்களூர்க்காரன் பார்க்கட்டும். சபாபதி ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிக்கட்டும், குதித்து முடித்துச் சாயங்காலம் பேசிக்கலாம். வெளியிடு என்கிற பொத்தானை அமுக்கினாள். கழுத்தில் வேர்வை ஓடியது. "இப்போ அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பாரும்மா."

"ம்... வருது மேம்... வந்திருச்சு." ஹர்ஷினி வாய்விட்டுப் படித்தாள். "இந்தப் பக்கங்கள் எல்லாவற்றையும் எழுதியவர் மனோரஞ்சிதம். மேலே இருப்பது அவருடைய எண். எங்காவது புரியாவிட்டால் அவரைக் கூப்பிடவும். சூப்பர் மேம்!" பிறகு நின்றாள். "மேம், அடியில குட்டியா சாம்பல் கலர்ல ஒண்ணு இருக்கே. கடைசியாகத் திருத்தியவர் கனகசபாபதி, ஒரு நிமிடத்துக்கு முன். அவர் யாரு மேம்? இதையும் அவர்தான் எழுதினாரா?"

அவர் ஐடியில் நுழைந்து திருத்துவதால் எல்லாப் பக்கத்து அடியிலும் அது இருக்கிறது. இத்தனை நாளாகத் தினம் பார்க்கிறாள், பாத்ரூம் சுவரில் இருக்கிற பல்லியைப் பார்ப்பதுபோல, இருக்கிறது என்றே தெரியாமல். சிரிப்புத்தான் வந்தது, தலைப்பு இல்லை, நைட்டிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் யார்? நல்ல கேள்வி. சொல்ல வாயைத் திறந்தாள், என் வீட்டுக்காரர் என்று தொடங்கினால் அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும், வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, பக்கத்து மனையில் மெஷின் சட்டென்று நின்றுபோய் வீடு முழுக்க அவள் பேசாதது மட்டும் கேட்டது.

"மேம்? லைன்ல இருக்கீங்களா?" கொஞ்ச நேரம். "ஓகே மேம். புரிஞ்சுது. பரவால்ல மேம். ஆல் த பெஸ்ட்."

வைத்துவிட்டாள். என்ன புரிந்தது அவளுக்கு? ஒன்றும் சொல்லவில்லையே, வாயே திறக்கவில்லையே, எதை எடுத்துக்கொண்டு போகிறாள் இந்தப் பெண். போன் கையில் உறுமியது, ஹலோ, இது ஒரு, ரஞ்சிதம் அதைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, அடி பிடித்த வாசனை கூடம் வரை வந்துவிட்டதையும் பொருட்படுத்தாமல், ஹர்ஷினியின் நம்பரைத் தேடித் திரும்பக் கூப்பிட்டாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.